நாய் பிஸ்கட் வித்தே உலகப் புகழ்... வீட்டில் இருந்ததோ பூனை! சார்லஸ் க்ரஃப்ட் கதை

திருவெண்ணெய்நல்லூர்னு சொன்னதும் ஊர்ப் பெரியவங்க ரெண்டு கதை சொல்வாங்க. ஒண்ணு, கல்யாணப் பந்தலில் இருந்த சுந்தரரை ஓலை காட்டி வழக்காடி, இந்த ஊருக்கே கூட்டிவந்து சிவபெருமான் ஆட்கொண்ட கதை. இன்னொண்ணு, கம்பரை ஆதரித்த சடையப்ப வள்ளல் கதை. பசின்னு வந்தவங்களுக்கு அள்ளிக் கொடுத்தே பேர் வாங்கின மனுஷன் அவர்.

இந்தக் கட்டுரையின் நாயகர் தீனி போட்டுப் பேர் வாங்கினவர் இல்லை, தீனி வித்துப் பேர் வாங்கினவர். பேர் சார்லஸ் க்ரஃப்ட். இங்கிலாந்தின் பர்மிங்காமில் நடக்கிற க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சி வீடியோக்கள் உங்க போன்ல கண்டிப்பா ஒருமுறையாவது வந்திருக்கும். வரிசையா நட்ட கம்புகளுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு ஓடுமே ஒரு நாய், அந்தக் கண்காட்சிதான். அதுக்கு வெச்சிருக்கிறது இவர் பேர்.

அவருக்கும் தென்பெண்ணைக் கரைக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறீங்களா? வேலைக்காகச் சென்னை, பெங்களூருன்னு போன பிள்ளைங்க, ஊர்ல இருக்கிற நாய்க்கு மூணு கிலோ உலர்தீவன மூட்டையை ஆன்லைன்ல அனுப்பி வைக்கிறாங்க இல்லையா? எந்த கம்பெனியா இருந்தாலும் அம்மா அதைப் பெடிகிரின்னுதான் சொல்வாங்க. டம்ளர்ல அளந்து தட்டுல கொட்டுவாங்க. அந்தப் பழக்கத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த முதல் வியாபாரிகள்ல க்ரஃப்ட் முக்கியமான ஆள்.

நகைக்கடை வேண்டாம், பிஸ்கட் கடை போதும்!

க்ரஃப்ட் பிறந்தது 1852 ஜூன் 28, லண்டனில். அப்பா நகை வியாபாரி. பையன் அப்பா தொழிலுக்கு வருவான்னு வீட்டில் எதிர்பார்த்திருப்பாங்க. பையனுக்கு அதில் மனசு போகவில்லை. இளம் வயதிலேயே ஹோல்பர்ன் பகுதியில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்பவரின் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கடையில் விற்ற சரக்கு, நாய் பிஸ்கட்.

இந்த ஸ்ப்ராட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். அமெரிக்காவில் இருந்து வந்தவர். இடிதாங்கி விக்கிறதுக்காகக் கப்பலேறி வந்தார்னு சொல்வாங்க. துறைமுகத்தில் மாலுமிகள் தூக்கிப் போட்ட கப்பல் ரொட்டியைத் தெருநாய்கள் அடிச்சுப் பிடிச்சுத் தின்னதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்ததாம். கப்பல் ரொட்டின்னா நீங்க நினைக்கிற பன்னு இல்லை. மாவையும் தண்ணியையும் பிசைஞ்சு, ஈரமே இல்லாம சுட்டு எடுத்த கல்லு மாதிரியான பண்டம். மாசக்கணக்குல கடல்ல கிடந்தாலும் கெடாது. 1860-களின் தொடக்கத்தில் ஸ்ப்ராட் இதே முறையில் கோதுமை மாவு, காய்கறி, பீட்ரூட், காய்ந்த மாட்டிறைச்சி சேர்த்து நாய்க்கான பிஸ்கட்டை இறக்கினார். இறைச்சி எங்கிருந்து வருதுன்னு கேட்டால் மட்டும் கடைசி வரைக்கும் பிடி கொடுக்கவே இல்லை.

யோசிச்சுப் பார்த்தா இதுல புது வித்தை எதுவும் இல்லை. வற்றல், கருவாடு, உப்புக்கண்டம் எல்லாம் இதே கணக்குதான். கிருமிக்கும் பூஞ்சைக்கும் வளர ஈரம் வேணும், ஈரத்தை எடுத்துட்டா அதுங்களுக்கு வேலை இல்லை. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. ஸ்ப்ராட் தன் பிஸ்கட்டில் சேர்த்தது உப்பில்லாத இறைச்சின்னு விளம்பரப்படுத்தினார். நம்ம கருவாடும் உப்புக்கண்டமும் உப்பாலயே நிக்குற சரக்கு.

மரக்காணம் உப்பளத்துக்கும் கடலூர் கடலுக்கும் நடுவுல இருக்கிற மாவட்டத்துல கருவாட்டு வாசனைக்கு ஓடிவராத பூனை உண்டா? அதுக்காக உப்புக் கருவாட்டை அப்படியே போடக்கூடாது. நாலஞ்சு கிலோ எடை உள்ள பூனைக்கு, நமக்கு ஒரு வாய் உப்புங்கிறது பெரிய சுமை. தண்ணியில ஊறப்போட்டுப் பலமுறை மாத்தினாலும் உப்பு குறையுமே தவிர முழுசாப் போகாது. ஆசைக்குக் கொடுக்கணும்னா, உப்புப் போடாம வெயிலில் மட்டும் காயவைத்த நெத்திலியைச் சந்தையில் கேட்டு வாங்குங்க. மண் போக அலசி, வேகவெச்சு, எப்போவாவது ரெண்டு மூணு. அதுவே தினச் சாப்பாடு ஆயிடக்கூடாது.

விற்றது பிஸ்கட் மட்டுமா?

எடுபிடி வேலையில் தொடங்கிய க்ரஃப்ட், சீக்கிரமே ஊர் ஊராகப் போகும் விற்பனையாளர் ஆனார். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் பண்ணை வைத்திருந்த பிரபுக்களும், வேட்டை நாய்களைப் பார்த்துக்கொண்ட ஆட்களும்தான். ஐம்பது நாய்க்கு நாள்தோறும் கறி வேகவைத்துக் கஞ்சி காய்ச்சுறது எவ்வளவு பெரிய வேலைன்னு அவருக்குத் தெரியும். ஒரு மூட்டையைப் பிரிச்சுக் கொட்டினா வேலை முடிஞ்சதுங்கிறதுதான் அவர் கையில் இருந்த அஸ்திரம்.

இன்னிக்கும் அதுதான் நடக்குது. நமக்கு நேரம் இல்லை, நாய்க்குப் பசிக்குது. அந்த இடைவெளியிலதான் இந்த வியாபாரமே ஓடுது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வெறும் தயிர் சோறும் குழம்புத் தண்ணியும் போட்டு வளர்க்கிற நாய்க்குப் புரதமும் கால்சியமும் போதாமல் போவது நிஜம். நல்ல உலர்தீவனத்தில் அந்தக் கணக்கு சரியாக இருக்கும். குழம்பில் கிடக்கிற வெங்காயமும் பூண்டும் நாய், பூனை ரெண்டுக்குமே ரத்த அணுக்களைக் கெடுக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மிச்சச் சோறு அவ்வளவு புனிதமானதும் இல்லை.

ஆனா க்ரஃப்ட் மாதிரியான வியாபாரிகள் வாய் ஓயாமல் சொன்ன பெருமைகளுக்கு நடுவுல ஒரு விஷயம் அமுங்கிப்போச்சு. மூட்டையில் இல்லாத ஒண்ணு இருக்கு. தண்ணி!

சோத்துல ஏறக்குறைய 70 சதவிகிதம் தண்ணிதான். மொறுமொறு உலர்தீவனத்தில் 10 சதவிகிதம் வாக்கில்தான் இருக்கும். தயிர் சோத்துல இருந்து திடீர்னு பாக்கெட்டுக்கு மாறுகிற நாய் முன்னைவிட ரொம்பவே அதிகமாகத் தண்ணி குடிக்கணும். வாசல்ல ஒரு கொட்டாங்கச்சியில தண்ணி வெச்சா பத்தாது. அகலமான மண்சட்டி வையுங்க, நிழல்ல வையுங்க, காலையும் மாலையும் மாத்துங்க. பழைய தீவனத்துல இருந்து புதுசுக்கு ஒரே நாளில் தாவாமல், ஒரு வாரமாவது எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாத்துங்க. இல்லைன்னா வயித்தால போகும், நீங்க பிராண்டைத் திட்டுவீங்க.

இப்போ புதுசா வருதே, காற்றில் உலர்த்தினது, உறையவெச்சு உலர்த்தினதுன்னு விலை கூடின பாக்கெட்டுகள், அதுல பல வகை ஊறவெச்சே போட வேண்டியவை. எவ்வளவு தீவனத்துக்கு எவ்வளவு தண்ணின்னு பாக்கெட்டிலேயே இருக்கும். வெதுவெதுப்பான தண்ணி போதும், கொதிக்கக் கொதிக்க ஊத்தினா சில வைட்டமின்கள் வீணாகும். பஞ்சு மாதிரி ஆனதும் விரலால நசுக்கிப் பாருங்க, நடுவில் காய்ந்த கட்டி இருக்கக்கூடாது. இதில் நிறைய பேர் சறுக்குற இடம் அளவு. பாக்கெட்டில் போட்டிருக்கிற கிராம் பெரும்பாலும் ஊறுவதற்கு முன்னால் இருக்கிற எடை. ஊறின பிறகு அதே கிராமை எடைபோட்டுக் கொடுத்தால், நாய் பாதி வயித்தோடதான் படுக்கும்.

ஊறவெச்ச நிமிஷத்துல இருந்து அது கெடாத பண்டம் இல்லை, சாதாரணச் சாப்பாடு. நம்ம ஊர் வெயிலுக்கு அரை மணி நேரத்துக்கு மேல தட்டுல விடாதீங்க. மிச்சத்தை எடுத்துட்டுத் தட்டைச் சோப்பு போட்டுக் கழுவுங்க. இன்னொண்ணு, உறையவெச்சு உலர்த்தின பச்சைக் கறியில் கிருமி சாகிறதில்லை, தூங்குது, அவ்வளவுதான். தண்ணி பட்டதும் எழுந்திரிக்கும். வீட்டில் கைக்குழந்தையோ வயசானவங்களோ இருந்தா இந்த வகையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கண்காட்சி நாயகன்

1878-ல் பாரிஸ் உலகக் கண்காட்சி. அதில் நாய்கள் பிரிவை நடத்தும் பொறுப்பு க்ரஃப்ட்டுக்குக் கிடைத்தது. நாய் வளர்ப்பவர்கள் மொத்தப் பேரும் ஒரே கூரைக்குக் கீழே கூடினால் என்ன ஆகும்னு அங்கே கண்கூடாகப் பார்த்தார். 1886-ல் லண்டனில் டெரியர் நாய்களுக்கு மட்டும் ஒரு கண்காட்சி நடத்தினார். 1891-ல் இஸ்லிங்டன் வேளாண் அரங்கில் எல்லா இன நாய்களுக்கும் சேர்த்து, தன் பேரையே வைத்துப் பெரிய கண்காட்சி. சுமார் 2,000 நாய்கள் வந்தன. விக்டோரியா மகாராணியின் பொமரேனியன்களும் அதில் உண்டு. மகாராணி வீட்டு நாய் வந்த பிறகு மத்தவங்க சும்மா இருப்பாங்களா? அடுத்தடுத்த வருஷங்களில் கூட்டம் அள்ளியது.

அந்தக் காலக் கண்காட்சிகளில் நாய்களைக் கட்டிவைக்கும் மேடை, தீனி எல்லாம் ஸ்ப்ராட் கம்பெனி கான்ட்ராக்ட்டாக எடுக்கும். ஒரு பக்கம் கண்காட்சி, ஒரு பக்கம் பிஸ்கட். இன்னிக்கு இன்ஃப்ளூயென்சர் கையில் தீவன பாக்கெட் இருக்குல்ல, அதுக்குக் கொள்ளுத்தாத்தா இதுதான். பிறகு க்ரஃப்ட் பிஸ்கட் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் கண்காட்சியிலேயே இறங்கிவிட்டார்.

பனியில் செத்த 19 நாய்கள்

க்ரஃப்ட் லண்டனில் கொடிகட்டிப் பறந்த அதே காலத்தில், உலர்தீவனம் இன்னொரு பரீட்சைக்குப் போனது. 1901-ல் ராபர்ட் ஸ்காட் தலைமையில் டிஸ்கவரி கப்பல் அன்டார்டிகாவுக்குக் கிளம்பியது. வண்டி இழுக்கும் நாய்களுக்கு பிஸ்கட் கொண்டுபோவதாகத்தான் முதலில் எண்ணம். அனுபவஸ்தர் ஒருவர் யோசனை சொல்ல, நார்வே நாட்டுக் காய்ந்த மீன் எடுத்துக்கொண்டார்கள். நம்ம பாஷையில் சொன்னா, உப்புப் போடாத கருவாடு.

மீனைக் காயவைத்ததில் தப்பு இல்லை. ஆனா இங்கிலாந்திலிருந்து தென் துருவம் போகிற வழியில் வெப்பமண்டலத்தைத் தாண்டணும். அந்தச் சூட்டிலும் புழுக்கத்திலும் கப்பலுக்குள்ளேயே மீன் கெட்டுப்போயிருந்தது. 1902 நவம்பரில் ஸ்காட், ஷேக்கிள்டன், வில்சன் மூணு பேரும் 19 நாய்களோடு தெற்கே கிளம்பினார்கள். சில வாரங்களில் நாய்கள் துவண்டு, ஒவ்வொன்றாக விழுந்தன. தளராத நாய்களுக்குத் தளர்ந்த நாய்களைக் கொன்று போட வேண்டிய நிலை வந்தது. ஒரு நாய்கூடத் திரும்பி வரவில்லை. வேலைச் சுமை, குளிர்னு வேற காரணங்களும் உண்டுதான். ஆனாலும் அந்த மீனைத்தான் ஸ்காட் பிறகு குற்றம் சொன்னார்.

அவங்க கடந்துபோன அந்தச் சூட்டுலதான் நாம குடியே இருக்கோம் மக்களே! விழுப்புரம் மாவட்டத்துல மே மாசம் 40 டிகிரிங்கிறது செய்தியே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில ஈரம் சுவரையே நனைக்கும். உலர்தீவனத்துக்கு ரெண்டுமே எதிரி. சூடு பட்டா அதில் இருக்கிற கொழுப்பு சிக்கு வாடை அடிக்கும், வைட்டமின் குறையும். ஈரம் பட்டா பூஞ்சை.

அதனால மூட்டையைக் கொட்டி பிளாஸ்டிக் டிரம்ல ரொப்பாதீங்க. வந்த பையோடயே, காத்தை வெளியேத்தி, வாயை மடிச்சு கிளிப் போட்டு, அந்தப் பையை அப்படியே மூடி இருக்கிற தகர டின்னுக்குள்ள வையுங்க. பையிலதான் காலாவதி தேதியும் பேட்ச் எண்ணும் இருக்கு, பிரச்னைன்னு வந்தா டாக்டர் முதல்ல கேக்குறது அதைத்தான். டின்னை அடுப்புக்குப் பக்கத்துலயோ, ஷீட் போட்ட மாடி அறையிலயோ வைக்காதீங்க. பழசு தீராம அதுமேல புதுசைக் கொட்டாதீங்க. டின்னைக் கழுவினா நல்லாக் காஞ்ச பிறகே பையை வையுங்க. எறும்புத் தொல்லைக்கு நம்ம வீட்டு வழிதான், தண்ணி ஊத்தின தட்டுக்கு நடுவுல டின்.

பெரிய மூட்டை மலிவுங்கிறதும் ஒரு மயக்கம். நாளுக்கு 150 கிராம் தின்கிற நாய்க்கு மூணு கிலோ பை 20 நாள் வரும். பத்து கிலோ பைன்னா ரெண்டு மாசத்தைத் தாண்டும். பிரிச்ச பை ஒரு மாசத்துக்குள்ள தீர்றதுதான் நம்ம ஊருக்கு நல்லது. லூஸ்ல நிறுத்துத் தர்ற சரக்கு எப்போ பிரிச்சதுன்னு கடைக்காரருக்கே ஞாபகம் இருக்காது.

ஈரம் பட்ட தீவனத்தை மொட்டை மாடியில காயவெச்சுத் திரும்பப் போடுறவங்க இருக்காங்க. அரிசிக்கும் மிளகாய்க்கும் செய்யுற பழக்கம், பாவம். ஆனா மக்காச்சோளம், வேர்க்கடலை மாதிரி சரக்குல வளர்ற சில பூஞ்சைகள் அஃப்ளடாக்சின்னு ஒரு நஞ்சைக் கக்கும். பூஞ்சை செத்தாலும் நஞ்சு அங்கேயே இருக்கும், வெயிலுக்கோ வேகவைப்பதற்கோ அது போகாது. கல்லீரலைத்தான் நேரா அடிக்கும். 2020 கடைசியில் அமெரிக்காவில் இந்த நஞ்சு கலந்த தீவனத்தால் 100-க்கும் மேற்பட்ட நாய்கள் செத்ததாக அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்துக்குப் புகார்கள் வந்தன. அது தொழிற்சாலையில் இருந்தே வந்த கோளாறு. நம்ம வீட்டு மூட்டையில அதை நாமே வளர்க்க வேண்டாம்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணை பொங்கினப்போ அரசூர், இருவேல்பட்டு பக்கமெல்லாம் வெள்ளம் புகுந்ததே, அப்படி வெள்ளத்தண்ணி தொட்ட மூட்டைன்னா யோசிக்கவே வேண்டாம், குழிதோண்டிப் புதைங்க. தெருநாய்க்குப் போடலாம்னு நினைக்காதீங்க, அதுக்கும் கல்லீரல் ஒண்ணுதான்.

அந்தப் பூனை

இனி க்ரஃப்ட்டின் வீட்டுக்கு வருவோம். ஆயிரக்கணக்கான நாய்களை மேடையேற்றிய மனுஷன் சொந்தமாக நாய் வளர்க்கவில்லை, வீட்டில் ஒரு பூனைதான் இருந்ததுன்னு அவரைப் பற்றி இன்னிக்கும் பேசுறாங்க. ஒரு இன நாயை வளர்த்தால் அந்த இனத்துக்குச் சாய்வார்னு ஊர் பேசும் இல்லையா? வியாபாரிக்கு அந்தக் கவலை நியாயமானதுதான். 1894, 1895 ரெண்டு வருஷமும் பூனைகளுக்கும் கண்காட்சி நடத்திப் பார்த்தார். நாய் கொடுத்த லாபத்தைப் பூனை கொடுக்கவில்லை. விட்டுவிட்டார்.

பூனை யார் கணக்குக்கும் அடங்காது, தீவனக் கணக்குக்கும்தான். வீட்டுப் பூனையின் மூதாதை பாலைவனப் பக்கத்துக் காட்டுப்பூனை. அதுக்குத் தண்ணி பெரும்பாலும் பிடிச்சுத் தின்ற எலி, பறவையிலிருந்தே கிடைச்சுடும். அதனால பூனைக்குத் தாகம் எடுக்கிறதே குறைவு. நாய் உலர்தீவனம் தின்னுட்டுச் சட்டியைக் காலி பண்ணும். பூனை ரெண்டு நக்கு நக்கிட்டுப் போயிடும். சிறுநீர் கெட்டியாகி, ஆண் பூனைக்கு அடைப்பு வரும். மண்ணைத் தோண்டித் தோண்டி உட்கார்ந்து, முக்கியும் ஒரு சொட்டு வரலைன்னா, நாளைக்குப் பாக்கலாம்னு இருக்காதீங்க. அன்னிக்கே கால்நடை மருத்துவர்கிட்ட தூக்கிட்டுப் போங்க. ரெண்டு நாள் தள்ளினா உயிர் போயிடும்.

பூனைக்கான உலர்தீவனத்தைத் தினமும் ஒரு வேளையாவது தண்ணியில ஊறவெச்சுப் போடுங்க. தண்ணிச் சட்டியைச் சாப்பாட்டுத் தட்டை விட்டுத் தள்ளி, ரெண்டு மூணு இடத்துல வையுங்க. பால் தண்ணிக்கு மாத்து இல்லை, வளர்ந்த பூனைகள் பலதுக்கு அது செரிக்காது. ஊறவெச்சதைத் தொடலைன்னா பட்டினி போட்டுப் பழக்கலாம்னு நினைக்காதீங்க, ஒண்ணு ரெண்டு நாளுக்கு மேல தின்னாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு ஏறும்.

வீட்டில் நாயும் பூனையும் இருந்தா ஒரே மூட்டையில முடிச்சுக்கலாம்னும் தோணும். பூனைக்கு டாரின்னு ஒரு சத்து சாப்பாட்டிலேயே வந்தாகணும். நாய் அதை உடம்புலயே ஓரளவு செஞ்சுக்கும், அதனால நாய்த் தீவனத்தில் அது போதுமான அளவு இருக்கணும்னு கட்டாயம் இல்லை. டாரின் குறைஞ்ச பூனைகளுக்கு இதயம் பலவீனமாகுதுன்னு விஞ்ஞானிகள் கண்டுபிடிச்சதே 1987-லதான். க்ரஃப்ட் காலத்துப் பூனைகள் எலி பிடிச்சே அந்தக் கணக்கைச் சரிபண்ணிக்கிட்டிருக்கும்.

கடைசிக் கண்காட்சி

1936-ல் க்ரஃப்ட்டின் பொன்விழாக் கண்காட்சி. பதிவுகள் மட்டும் 10,000-ஐத் தாண்டின. ரெண்டு வருஷம் கழித்து, 1938 செப்டம்பர் 10 அன்று, 86 வயதில் இறந்தார். லண்டன் ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். 1939-ல் மனைவி எம்மா கண்காட்சியை நடத்தினார். அவருக்கு அது பெரும் சுமையாக இருந்தது. பிறகு கென்னல் கிளப்பிடம் உரிமை போனது. போர் முடிந்து, 1948-ல் ஒலிம்பியா அரங்கில் மறுபடியும் தொடங்கியது. 1991-லிருந்து பர்மிங்காமில்.

சுட்டெடுத்த பிஸ்கட்டும் மெல்ல ஓரங்கட்டப்பட்டது. 1950-களில் மாவைச் சூட்டோடும் அழுத்தத்தோடும் இயந்திரத்தில் பிதுக்கிப் பொரிக்கும் முறை வந்தது. நாம இப்போ டம்ளரில் அளக்கிற உருண்டை அதில் பிறந்ததுதான். கிழக்கு லண்டன் பாப்லரில், கால்வாய்க் கரையோரம் ஸ்ப்ராட் கம்பெனி கட்டிய செங்கல் தொழிற்சாலை இன்னும் நிற்கிறது. உள்ளே இப்போது பிஸ்கட் சுடுவதில்லை, ஜனங்க குடியிருக்காங்க.